வெயில் கரண்டும் காரல் கருவாடும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பென்சிலைவிடக் குறடுதான் என் கையில் அதிக நாள் இருந்தது. அதனால் என் எழுத்து ஒவ்வொன்றும் முறுக்கிவிட்ட கம்பி மாதிரி நிற்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்னும் தகராறு தீரவில்லை. ஆண்டு மலருக்கு அச்சுக் கோக்கும் தம்பி எழுத்தை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எழுதச் சொன்னவர்கள் நம் மின்துறை செக்‌ஷன் இளைஞர்கள். இன்னும் சில ஊர்களில் சோலார் விளக்குப் போடப் போகிறார்களாம். "அண்ணே, நம்ம பக்கத்துல அத முதல்ல தொட்டுப் பாத்தவரு நீங்கதான். வாயால சொல்லுங்கன்னா ஓடிப்போயிடுறீங்க. எழுதியாவது குடுங்க" என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஓடிப்போகிறேன் என்பது உண்மைதான். நாலு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நான் சுரக்குடிக்காரன். வயல் வேலை செய்துகொண்டிருந்தவன். எழுபதாம் வருஷத்துவாக்கில் எங்கள் பக்கம் கம்பம் நட வந்தவர்களுக்குக் குழி வெட்டப் போனேன். குழி நேராக இருந்ததாம், கூடவே அழைத்துப் போய்விட்டார்கள். ஹெல்பர், வயர்மேன், அப்புறம் லைன்மேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒருமுறை ஷாக் அடித்தது, பிறகு அடிக்காதபடி பார்த்துக்கொண்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போன காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கம்பத்தின் மேலே ஏறிவிட்டால் கீழே இருக்கிறவர்கள் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் என் தோள்பட்டை கம்பம் ஏற ஒத்துழைக்காமல் போனது. அப்போதுதான் என்னைச் சவரிமுத்து சாரிடம் அனுப்பினார்கள். அவர் ஜூனியர் இன்ஜினியர். காரைக்கால் டவுனில் மாதா கோயில் பக்கத்து வீடு. அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் உத்தியோகம் பார்த்தவராம். அதனால் நன்றி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் இவருக்கு "மெர்சி" என்றுதான் வரும். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். என்னையும் நீங்க, ஜீப் டிரைவரையும் நீங்க, வழியில் படுத்திருக்கும் நாயையும் "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பார்.

அவரிடம் இன்னொரு விசேஷமும் உண்டு. சூரியனிலிருந்து கரண்டு எடுக்கும் வேலைக்கு வந்த அந்த மனிதருக்கு வெயில் ஆகாது. தலைவலி வந்துவிடும். எந்நேரமும் கறுப்புக் குடை. வெயிலைத் தேடி வந்த இன்ஜினியர் வெயிலுக்குப் பயந்து குடைக்குள் நிற்பதைப் பார்த்து ஊரே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகும் குடையை மடக்கவில்லை.

எங்களுக்குக் கொடுத்த இடம் கோட்டுச்சேரிமேடு. கடலோரத்து மீனவர் ஊர். அங்கே லைன் ஏற்கனவே இருந்தது. ஆனால் லைனின் வால் முனை. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பினால் உப்புப் படிந்து கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர் பொரியும், எங்கேயாவது கம்பம் சாயும், கரண்டு வர நாளாகும். முந்தின மழைக்காலத்தில் அப்படி ஊர் இருண்டு கிடந்தபோது, கடலிலிருந்து திரும்பிய ஒரு கட்டுமரம் கரை தெரியாமல் வடக்கே போய் மணல்திட்டில் மோதிவிட்டது. மரம் பிளந்தது. அதில் வந்தவர்கள் கலியபெருமாளும் அவர் தம்பியும். தம்பிக்கு இன்றும் ஒரு கால் இழுத்துத்தான் நடை.

அதனால்தான் சோலார். ஊர்க்கோடியில் மணல்மேட்டில் கம்பிவேலி போட்டு, இரும்புச் சட்டத்தில் பலகைகளைச் சாய்த்து வைத்தோம். பக்கத்தில் பேட்டரி அறை. அதிலிருந்து தெருவுக்குச் சில டியூப்லைட்டுகள், கரையில் உயரமான கம்பத்தில் ஒரு பெரிய விளக்கு. ஒரு மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். தாங்கினால் இருக்கும். இல்லையென்றால் மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, அத்தனையையும் லாரியில் ஏற்றித் திருநள்ளாற்றுக்கு அனுப்பிவிடுவார். அங்கே யாத்ரீகர் நடக்கிற பாதைக்கு விளக்குக் கேட்டு ஆள் மேல் ஆளாக நின்றார்கள்.

வேலிக்கதவின் சாவியை ஊர்ப் பஞ்சாயத்தார் கலியபெருமாளின் மனைவி அஞ்சலை அக்காவிடம் கொடுத்தார்கள். "எங்க வீட்டு ஆளுக்காக வந்த வெளக்கு. நானே பாத்துக்கிறேன்" என்று அவர் வாங்கித் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டார். சாவியை யாரும் மறந்து வைத்துவிட முடியாத இடம் அது என்று சார் மெச்சினார்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். இளைஞர்கள் இதைக் கவனித்துப் படிக்கவும்.

பலகை என்பது தேள்கொடுக்கு நிறத்தில், கறுநீலமாக, கண்ணாடிக்கு அடியில் வரிசை வரிசையாகத் தட்டுகள் வைத்தது. ஒவ்வொரு தட்டும் நம் உள்ளங்கை அகலம். வெளிச்சம் பட்டால் தட்டுக்குள்ளே மின்சாரம் கிளம்பும். நான் வெகுநாள் சூட்டில்தான் கரண்டு வருகிறது என்று நினைத்திருந்தேன். சார் சொன்னார்: "சூடு இல்லைங்க, வெளிச்சம். பலகை ரொம்பச் சூடானா கரண்டு கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். உங்களுக்கும் எனக்கும் மாதிரிதான், அதுக்கும் வெயில்ல வேலை ஓடாது."

ஒரு தட்டில் வருவது கொஞ்சம். அதனால் ஒன்றின் வாலை அடுத்ததன் தலையில் கோத்து, சங்கிலியாக்கி, பேட்டரிக்குப் போதுமான வோல்டேஜ் வரும்படி செய்திருக்கிறார்கள். பகலெல்லாம் பேட்டரி நிரம்பும். இருட்டிய பிறகு விளக்கு அதிலிருந்து குடிக்கும். ராத்திரியில் பேட்டரி கரண்டு திரும்பிப் பலகைக்கே ஓடிவிடாதபடி நடுவில் ஒருவழிக் கதவு மாதிரி ஒரு சின்னச் சாமான் உண்டு. பலகை தெற்கே பார்க்க வேண்டும், நம் ஊருக்குக் கொஞ்சம் சாய்வு போதும்.

காலையில் நல்ல தண்ணீரில் மெல்லிய துணி நனைத்துக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். கடல் தண்ணீர் கூடாது. பிறகு பேட்டரி. மூடியைத் திறந்து, ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சி, மிதவை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், பேட்டரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அதில்தான் தெரியும். டிஸ்டில்டு வாட்டர் தகட்டை மூடும் அளவுதான், வழியவிடக் கூடாது. முனைகளில் வாஸ்லின் தடவ வேண்டும். சார் இதையெல்லாம் செய்து முடித்துக் கையைக் கழுவி, அறையை விட்டு வெளியே வரும்போது பேட்டரிகளைப் பார்த்தும் ஒரு "மெர்சி" சொல்வார்.

கடைசியில் ஒரு சோதனை. மீட்டர் முள் நன்றாக ஏறி நிற்கும்போது, குடையை மடக்கி அதன் நுனியால் ஒரே ஒரு தட்டின் மேல் நிழல் காட்டுவார். முள் சாயும். "பாத்தீங்களா? ஒரு தட்டு தூங்கினா எல்லாம் தூங்கும்" என்பார். போகும்போதெல்லாம் இதைச் செய்வார். எனக்குப் புரிந்து நாளாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கம்.

ஒருநாள் நானே துணிந்து ஒரு கேள்வி கேட்டேன். "சார், இத நம்ம லைன்லயே சேத்துட்டா பேட்டரியே வேணாமே?"

அவர் சந்தோஷப்பட்டுப் போனார். "சேக்கலாம். ஆனா இது ஒரே பக்கமா போற கரண்டு. லைன்ல இருக்கறது முன்னும் பின்னும் ஆடுற கரண்டு. இதையும் அதே மாதிரி ஆட வச்சு, அதே தாளத்துல சேக்கணும். தேர் இழுக்கும்போது எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தாதானே நகரும்? ஒருத்தர் மாத்தி இழுத்தா?"

"வடம் அறுந்துடும் சார்."

"அதேதான். அந்தத் தாளம் சேக்கிற பொட்டி மலிவா வந்துட்டா, ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடியும் பகல்ல லைனுக்குக் கரண்டு கொடுக்கும், ராத்திரி வாங்கிக்கும்."

நான் தலையாட்டினேன். வீட்டுக்காரர் நமக்குக் கரண்டு கொடுப்பதாவது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இப்போது அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

ஊர்ப் பெண்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்காக இருந்தேன். வேலிக்குள் துடைத்துக்கொண்டிருந்தால் வெளியே நின்று பேச்சுக் கொடுப்பார்கள்.

"ஏந்தம்பி, கரண்டு கம்பியத் தொட்டாக்கூட உங்களுக்கு ஒண்ணும் ஆவாதாம். எங்களப் பாத்தா மட்டும் ஏன் ஷாக்கடிச்ச மாரி நிக்கிறீங்க?" இது காத்தாயி. ஊரில் மூத்த மீன்காரி. அந்த வாய்க்கு ஃபியூஸே கிடையாது.

"விடு காத்தாயி, சுரக்குடியில நாத்துகிட்ட பேசிப் பழகுனவரு" என்பார் அஞ்சலை அக்கா.

நான் ஏற்கனவே துடைத்த பலகையை மறுபடி துடைப்பேன்.

கோடை முழுக்க விளக்கு ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. ஐப்பசியில் ஆரம்பித்தது வினை. சாயங்காலம் விளக்குத் தானாக எரியத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் மங்கி, மூச்சு வாங்கி, அணைந்துவிடும். முதலில் மேகத்தின் மேல் பழி போட்டோம். ஆனால் நல்ல வெயில் அடித்த நாளிலும் அதே கதை. ஜீப்பில் போவோம். பலகை பளபளவென்று இருக்கும். மீட்டர் முள் சரியாக ஏறும். வயரைப் பிடித்துப் பார்த்தோம், பேட்டரியை ஒவ்வொன்றாகச் சோதித்தோம், அந்த ஒருவழிக் கதவைக் கழற்றிப் புதிது போட்டோம். நாங்கள் இருக்கும்வரை எல்லாம் சரி. போனால் பேட்டரி நிரம்புவதில்லை.

சார் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார். "கடலோரத்துல ரெண்டு நாளா யாரும் துடைக்கல. உப்பு ஒட்டணும். இவ்வளவு சுத்தமா எப்படி இருக்கு?" என்றார். மோந்தும் பார்த்தார். "தேங்காயெண்ணெய்" என்றார், ரொம்பக் கவலையோடு.

கலியபெருமாள் அன்றைக்குக் கரையில்தான் இருந்தார். எங்களிடம் கோபப்படவில்லை. "சார், எரியாதுன்னா எரியாதுன்னு சொல்லிடுங்க. பழைய மாரி தீவட்டி பிடிச்சிக்கிறோம். எரியும்னு நம்பித் திரும்பி வந்து, கரையத் தேடுறதுதான் சார் கஷ்டம்" என்றார். அஞ்சலை அக்கா அன்றைக்கு என்னைக் கேலி செய்யவில்லை.

மறுநாள் சார், "ஜீப் வேண்டாம்" என்றார். எங்கள் ஜீப் மெயின் ரோட்டில் கோட்டுச்சேரிக்கு வந்தாலே அதன் சத்தம் கடலோரத்து மேட்டில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும், அப்படி ஒரு ஜீப். அதனால் பஸ்ஸில் போய் இறங்கி, கடற்கரை ஓரமாகவே மணலில் நடந்தோம். வெயில் கொளுத்தியது. சார் குடைக்குள்ளும் நான் வெளியேயும். தூரத்தில் மணல்மேடு தெரிந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"பலகை என்ன நிறங்க?"

"கறுநீலம் சார்."

"அங்க பாருங்க."

மேட்டில் எங்கள் பலகைகள் வெள்ளியாக ஜொலித்தன.

கிட்டே போனோம். பலகைகள் முழுக்கக் காரல் மீன், வெள்ளித் தகடு மாதிரிச் சின்னச் சின்ன மீன். அடுக்கி, இடைவெளி விட்டு, தலை எல்லாம் ஒரே பக்கமாக, அவ்வளவு ஒழுங்கு. வேலிக்கு வெளியே நாய் ஒன்றும் பூனைகளும் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தன. உள்ளே அஞ்சலை அக்கா ஓர் ஓலையால் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். கூடவே காத்தாயி, இன்னும் சில பெண்கள். சாரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"வாங்க சார்" என்றார் அஞ்சலை அக்கா. முகத்தில் துளிக் குற்ற உணர்ச்சி இல்லை.

சார் குடையைச் சாய்த்துக் குனிந்து பார்த்தார். "இது என்னங்க?"

"காரல் சார். மணல் ஈரமா கெடக்கு, கீழ போட்டா புழுத்துப்போவுது. இந்தக் கண்ணாடிதான் சூடா இருக்கு. வேலி இருக்கு, நாய் வராது. சாச்சு வச்சிருக்கு, தண்ணி வடியுது. கருவாட்டுக்குன்னே செஞ்ச மாரி இருந்துச்சு."

"ஒட்டாம இருக்க எண்ணெ தடவிதான் சார் வைக்கிறோம்" என்றார் காத்தாயி. "சும்மா ஒண்ணும் வைக்கல. எடுத்தப்பறம் தொடச்சும் வச்சிடுறோம். நீங்க வந்தா அழுக்கா இருக்கக் கூடாதுல்ல?"

"ஜீப் சத்தம் கேட்டா எடுத்துடுவீங்களா?"

"ஆமா. ஆபீசர் வர்ற நேரத்துல மீன் கவுச்சி அடிச்சா மரியாதையா இருக்குமா?"

சார் மெல்லக் கேட்டார்: "விளக்கு ஏன் அணையுதுன்னு உங்களுக்குத் தோணலையா?"

அஞ்சலை அக்கா ஆச்சரியப்பட்டார். "வெளக்குக்கும் இதுக்கும் என்ன சார்? வெளக்கு எரியறது ராத்திரி. பகல் முழுக்க இது சும்மாதானே கெடக்கு? பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணு விடாம எடுத்துடுறமே. ராத்திரி அது வேலைக்கு நாங்க குறுக்க போனதே இல்ல."

நான் பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் என்ன தப்பு? அடுப்பு எரியாத நேரத்தில் அடுப்பு மேடையில் சாமான் வைக்கிறோம். பலகைக்குப் பகலில்தான் வேலை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் கதவுக்குச் சாவி கொடுத்தோம், காரணத்தைக் கொடுக்கவில்லை.

சார் விளக்க ஆரம்பித்தார். "அதாவது, ஒளியானது இந்த மின்கலங்களின் மீது படும்போது..."

"என்ன சார், கல்யாணப் பத்திரிகை படிக்கிறீங்க?" என்றார் காத்தாயி.

பெண்கள் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டார். "பர்தோன், பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு, "சொல்ல வேணாம், காட்டிடுறேன்" என்று என்னைப் பார்த்தார். பேட்டரி அறையில் பழைய கார் ஃபேன் ஒன்று இருந்தது. நான் ஒரு பலகையில் இருந்த மீனைக் கூடையில் எடுத்துவிட்டு, துடைத்து, அதன் வயரை நேராக அந்த ஃபேனில் முடுக்கினேன். பேட்டரி நடுவில் இல்லை. ஃபேன் விர்ரென்று சுற்றியது. காத்தாயியின் கொண்டை அவிழ்ந்தது.

"இது இப்ப வெயிலக் குடிச்சுச் சுத்துது" என்றார் சார். "இத நிறுத்துற மாதிரி உங்ககிட்ட ஒரு மீன் இருந்தா வைங்க பாப்போம்."

அவ்வளவுதான், போட்டி ஆகிவிட்டது. காத்தாயி தன் கூடையிலிருந்து பெரிய வாளை ஒன்றை உருவினார். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளும் மீன். "இது நிக்கலன்னா நான் மீனே விக்கல" என்று குறுக்கே கிடத்தினார். ஃபேன் கொஞ்சம் சுணங்கியது. நிற்கவில்லை.

"ஒன் வாளை ஒன்ன மாரியே, நீளந்தான் இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

அஞ்சலை அக்கா வாளையை எடுத்துக் கீழே போட்டார். கை நிறையக் காரல் எடுத்து, ஒரே ஒரு தட்டின் மேல், அது முழுக்க மறையும்படி நெருக்கி வைத்தார். ஃபேன் தடுமாறி, இழுத்து, நின்றுவிட்டது.

அவர் ஒரு மீனை எடுத்தார். ஃபேன் லேசாக அசைந்தது. திரும்ப வைத்தார். நின்றது.

"வாளை நெறைய தட்டு மேல கொஞ்சங் கொஞ்சம் நிழல் போட்டுச்சு. உங்க காரல் ஒரு தட்ட முழுசா மூடிடுச்சு" என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார்.

எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கரையிலேருந்து வண்டி வரைக்கும் வரிசையா நின்னு கூடை கைமாத்துவீங்கள்ல... நடுவுல ஒரு ஆளு வாங்காம நின்னுட்டா?"

"எல்லாக் கூடையும் நிக்கும்" என்றார்கள்.

"அதான்."

"நடுவுல நிக்கிற ஆளு காத்தாயிதான்" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். சிரிப்பு எழுந்தது. அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. நின்றுபோன ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தன நாளும் கரை வெளக்க அணச்சது நாங்களா சார்? அவரு கடலுக்குப் போன அன்னைக்கெல்லாம், நானே இஞ்ச ஒக்காந்து..."

"தெரியாமச் செஞ்சது" என்றார் சார். "நாங்க சொல்லாம விட்டது."

அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு பலகை பலகையாக மீனை அள்ளத் தொடங்கினார். பாதி காய்ந்த மீன், அன்றைக்கு எடுத்தால் வீண். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து அள்ளினார்கள்.

சார் அவர்களை வெளியே அனுப்பவில்லை. "வேலி உங்களுக்கும் சேத்துத்தான்" என்று, பலகைகளுக்கு முன்னால், நிழல் அவற்றின் மேல் விழாத தாழ்ந்த இடத்தில், மூங்கிலும் பழைய வலையும் வைத்து ஒரு பரண் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டினோம். கண்ணாடிச் சூடு அதில் வராது. கருவாடு முன்போல் அமையவில்லை என்று காத்தாயி கடைசிவரை குறை சொன்னார். அது நியாயமான குறை.

விளக்கு மறுபடி ஒழுங்காக எரிந்தது. கார்த்திகையில் பெரிய மழை பிடித்தது. நாள் கணக்கில் சூரியனே இல்லை. ஒருநாள் காலையில் வானம் வெளிவாங்கியது. கடலுக்குப் போகாமல் அடைந்து கிடந்தவர்கள் உடனே கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள், கலியபெருமாளும்தான். மத்தியானத்துக்குள் மேகம் திரும்ப மூடிவிட்டது. மேலதிகாரி அன்று சாயங்காலம் வருவதாகத் தகவலும் வந்தது.

சார் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு பேட்டரியிலும் விட்டுப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வெளியே அஞ்சலை அக்கா கடலைப் பார்த்து நின்றார். காற்று மாறியிருந்தது. மரங்கள் வர நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"எல்லா விளக்கும் போட்டா சீக்கிரம் தீந்துடும்" என்றார் சார் என்னிடம். "தெருவ அணச்சுட்டா கரை விளக்கு மட்டும் தாங்கும். ஆனா வர்றவரு இருட்டுத் தெருவப் பாத்தா என்ன நினைப்பாரு?"

"லாரி அனுப்பிடுவாரு சார்."

அவர் வெளியே போனார். "அஞ்சலையம்மா, நீங்க சொல்லுங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அஞ்சலை அக்கா யோசிக்கவே இல்லை. "தெருவுல நடக்க எங்க காலுக்குத் தெரியும் சார். கடல்லேருந்து வர்றவங்களுக்குத்தான் கரை தெரியணும். நாளைக்குத் தூக்கிட்டுப் போனா போவட்டும். இன்னைக்கு எரியட்டும்."

சார் தெரு விளக்குச் சுவிட்சை அணைத்தார். பேட்டரி அறையிலேயே இருந்துகொண்டு, "நீங்க போய் அதிகாரியக் கூட்டிட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். இந்த வேலைக்கு நான்தானா கிடைத்தேன் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அதிகாரியின் ஜீப் சேற்றில் மாட்டி, அவர் இறங்கி நடந்து வந்தார். பளபளப்பான ஷூ. ஊர் வாசலில் நின்று இருண்ட தெருவை நெடுகப் பார்த்தார்.

"ஒண்ணுகூட எரியலையே?"

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் திரும்ப ஆரம்பித்தார். கையில் டார்ச் வேறு. எப்படி வாய் திறந்தேன் என்று எனக்கே தெரியாது.

"எரியுது சார்."

"எங்க?"

கரையைக் காட்டினேன். பனை உயரத்தில் ஒற்றை விளக்கு.

"ஒண்ணுதானா? மத்ததெல்லாம் ரிப்பேரா?"

"இல்ல சார். நாங்கதான் அணச்சோம். மழையில பேட்டரி நெறையல. மரங்க இன்னும் வரல. எல்லாத்தையும் போட்டா அது அணஞ்சிடும். அது அணையக் கூடாது சார்."

என் வாழ்க்கையில் ஓர் அதிகாரியிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். பின்னாலிருந்து காத்தாயியின் குரல் வந்தது: "அடியே, தம்பிக்குக் கரண்டு வந்துடுச்சுடி!"

அதிகாரி டார்ச்சைக் கரைப் பக்கம் திருப்பினார். கரையை நோக்கி நடந்தார். விளக்கின் கீழே பெண்கள் நின்றிருந்தார்கள். அவரும் அவர்களோடு நின்றார். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை, அவரும் கேட்கவில்லை. முதல் மரம் அலைமேல் ஏறி விளக்குக்கு நேராக வந்து மணலில் மோதியது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு மரத்துக்கும் யாராவது ஒரு பெண் கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடினாள். அஞ்சலை அக்கா நின்றுகொண்டே இருந்தார். விளக்கு லேசாக மங்குகிற மாதிரி எனக்குத் தோன்றியது. பார்க்கப் பயந்து மணலைப் பார்த்தேன்.

கடைசி மரம் கலியபெருமாளுடையது. கால் இழுத்து நடக்கும் தம்பிதான் முதலில் குதித்தார். அஞ்சலை அக்கா ஓடவில்லை. மெதுவாக நடந்து போய்க் கணவர் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

"வந்தாச்சு சார்."

"அப்ப தெருவப் போடச் சொல்லுங்க. நானும் ஜீப்புக்கு நடந்து போவணும்ல?"

நான் ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். அவர் சுவிட்சை என்னையே போடச் சொன்னார். தெரு முழுக்க வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்தில்தான் அதிகாரியின் ஷூ முழுக்க மீன் செதில் ஒட்டியிருந்தது தெரிந்தது. கிளம்பும்போது சாரிடம், "லாரிக்கு எழுத வேண்டியதில்ல" என்று மட்டும் சொன்னார். சார் "மெர்சி" என்றார். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை.

அவர் ஜீப் போன கொஞ்ச நேரத்தில் பேட்டரி தீர்ந்து தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் கரை விளக்கும் அணைந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மரங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன.

காரைக்கால்
18-4-1989, செவ்வாய்க்கிழமை